இடைவேளை மறைந்த கதை

'படத்துக்குப் போகிறோம்' என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கு. கூத்துக்குப் போனோம், நாடகத்துக்குப் போனோம், திருவிழாவுக்குப் போனோம். அந்த வரிசையிலே படத்துக்கும் போனோம். காண்பதைக் காட்டிலும் போவதே அங்கு முதன்மையாக நின்றது. வீட்டை விட்டுப் புறப்படுதல், சீட்டு வாங்க வரிசையில் நிற்றல், முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவர்களோடு இருளில் அமர்தல், அவர்கள் சிரிக்கும்போது நாமும் சிரித்தல், இவை யாவும் சேர்ந்ததே படம் என்பது. இந்த வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் நடுவில், கொரோனா நோய்த்தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டின் படமாளிகைகள் யாவும் மூடப்பட்டன. நவம்பர் 10ஆம் நாள் அவை மீண்டும் திறந்தபோது, பாதி இருக்கைகளுக்கு மட்டுமே இசைவு கிடைத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு மாதங்களில் மக்கள் படத்துக்குப் போகவில்லை. படம் மக்களிடம் வந்தது. அதனால் படம் பார்க்கும் முறை மாறிற்று என்பது எல்லோரும் அறிந்ததே. கதை சொல்லும் முறையும் உடன் மாறிற்று என்பதைத்தான் இங்கே சற்று விரிவாகக் காண வேண்டும்.

முதலில் பழைய கதையைச் சிறிது நினைவுகூர்வோம். 1905ஆம் ஆண்டில், திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்சி நடத்தினார். அவர் வழியில் வந்தவையே டூரிங் கொட்டகைகள். அக்கொட்டகைகள் பலவற்றில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். சுருள் ஒன்று முடிந்ததும் அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அதுவரை விளக்கு எரியும், முறுக்கும் கடலையும் விற்பவர்கள் உள்ளே வருவார்கள். இவ்வாறு ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளைகள் உண்டாயின. பின்னர் இரண்டு கருவிகள் வந்தன; இடைவேளையும் ஒன்றாகக் குறைந்தது. ஆயினும் அந்த ஒன்று மறையவில்லை. மறையாதது மட்டுமன்று, கதையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. நம் திரைக்கதை ஆசிரியர்கள் முதலில் இடைவேளைக் காட்சியை அமைத்துக்கொண்டு, பிறகு அதற்கு முன்னும் பின்னும் கதையை நெய்யலாயினர். முற்பாதியில் சிரிப்பும் காதலும், இடைவேளையில் ஒரு பேரிடி, பிற்பாதியில் பழிவாங்கல் என்ற அமைப்புக்கு வேராக இருந்தது இலக்கணமன்று. சுருள் மாட்டும் தொழிலாளியின் வசதியும், சிற்றுண்டி விற்பவரின் வருவாயுமே.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி கொரோனாக் காலத்தில் தொடங்கியதன்று. 1975ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. வாரந்தோறும் அதில் ஒளிபரப்பான படத்துக்காகத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிற்று. பின்னர் வீடியோ கேசட் வந்தது, தனியார் தொலைக்காட்சிகள் வந்தன. ஆனால் இவை எல்லாவற்றிலும் படமாளிகையே மூத்த பிள்ளை. அது உண்டு முடித்த பிறகே மற்றவர்களுக்கு இலை போடப்பட்டது. 2013ஆம் ஆண்டில் கமல்ஹாசன் இந்த வரிசையை மாற்ற முனைந்தார். தம்முடைய விஸ்வரூபம் படத்தை டி.டி.எச். வழியாக, படமாளிகைக்கு வருமுன்னரே வீடுகளில் காட்டப் போவதாக அறிவித்தார். படமாளிகை உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், திட்டம் நிறைவேறவில்லை. அன்று ஒரு பெரும் நடிகராலும் அசைக்க முடியாத ஏற்பாட்டை, ஏழாண்டுகளுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி அசைத்துவிட்டது. இதற்கிடையே நிலம் உழுது வைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. 2016ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ என்னும் இரு நிறுவனங்களும் இந்தியாவில் அடியெடுத்து வைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது, கைபேசியில் இணையம் பயன்படுத்தும் செலவு பெரிதும் குறைந்தது. ஓடிடி என்று நாம் இன்று சுருக்கமாக வழங்கும் தளங்கள் வேரூன்ற இவ்விரண்டும் துணை செய்தன.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜோதிகா நடித்த பொன்மகள் வந்தாள் என்னும் படம் நேரே அமேசானில் வெளியாகும் என்ற செய்தி பரவியதும் பூசல் எழுந்தது. அப்படத்தைத் தயாரித்த சூரியாவின் நிறுவனத்தார் இனி எடுக்கும் படங்களைத் திரையிட மாட்டோம் என்று படமாளிகை உரிமையாளர் சங்கத்தார் அறிவித்தனர். மே 29ஆம் நாள் படம் வெளிவந்தது. இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இருபுறமும் உண்டு என்றே சொல்ல வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கிப் படம் எடுத்தவனுக்கு ஒவ்வொரு மாதமும் சுமை ஏறுகிறது. பூட்டிய மாளிகைக்கு மின் கட்டணமும் காவலாளிக்குச் சம்பளமும் கொடுப்பவனுக்கோ, திறந்த பிறகு காட்டுவதற்குப் படம் இருக்குமா என்ற கலக்கம். நோய்க்காலத்தில் சிறு வணிகர்கள் பலர் பட்ட பாடு இது. ஆகவே உரிமையாளர்களை முன்னேற்றத்தின் பகைவர்கள் என்று எளிதாக ஒதுக்கிவிடுவது முறையன்று.

அவ்வாண்டுத் தீபாவளியில் நிகழ்ந்தது இன்னும் குறிப்பிடத் தக்கது. நவம்பர் 10ஆம் நாள் படமாளிகைகள் திறந்தன. இரண்டே நாள் கழித்து, 12ஆம் நாள், அந்தத் தீபாவளியின் பெரும் படமான சூரரைப் போற்று வெளியாயிற்று. ஆனால் வெளியான இடம் அமேசான். ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜி. ஆர். கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிச் சுதா கொங்கரா இயக்கிய படம் அது. மாளிகையின் கதவு திறந்திருக்க, விழாக்காலத்துப் பெரும் படம் வேறு வாயில் வழியாக மக்களிடம் சென்றது. 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில், சிறந்த படம் என்பது உட்பட ஐந்து விருதுகள் அதற்குக் கிடைத்தன. நேரே வீட்டுக்கு வரும் படம் என்றால் விலைபோகாத சரக்கு என்று இருந்த எண்ணம் இதனால் பெரிதும் தகர்ந்தது.

வட சென்னையின் தண்டையார்பேட்டையில் அகஸ்தியா என்றொரு படமாளிகை இருந்தது. 1967ஆம் ஆண்டில் தொடங்கி, ஐம்பதாண்டுகளுக்கு மேல் அப்பகுதித் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பொழுதுபோக்கு மன்றமாக விளங்கிற்று. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு சூலை 22ஆம் நாள், அதே வட சென்னையின் 1970களைச் சித்திரிக்கும் சார்பட்டா பரம்பரை என்னும் படத்தைப் பா. இரஞ்சித் அளித்தார். குத்துச் சண்டைப் பரம்பரைகளின் போட்டி, களத்தைச் சூழ்ந்து ஆர்ப்பரிக்கும் ஊர், ஆயிரம் குரல்களின் முழக்கம் ஆகியவற்றால் ஆன படம் அது. இரண்டாம் அலை காரணமாக ஏப்ரல் இறுதியில் மீண்டும் மூடப்பட்ட மாளிகைகள் அப்பொழுதும் திறக்கவில்லை. ஆகவே அந்த முழக்கத்தை நாம் உள்ளங்கையளவுத் திரையில், காதில் செருகிய கருவி வழியே, தனியாகக் கேட்டோம். கூட்டத்தைப் பற்றிய படத்தைக் கூட்டமின்றிப் பார்த்த அனுபவம் அது.

இனிக் கதைக்கு வருவோம். படமாளிகைக்கு ஒரு கதவு உண்டு. சீட்டு வாங்கி உள்ளே நுழைந்தவன், படம் சலிப்பூட்டினாலும் எளிதில் வெளியேறமாட்டான். கொடுத்த காசு அவனைப் பிடித்து நிறுத்தும். அந்தத் துணிவில்தான் நம் இயக்குநர்கள் கதையை மெல்லத் தொடங்கினர். நாயகனின் காலை முதலில் காட்டுவார்கள், பிறகு கையை, பிறகே முகத்தை. முகம் தோன்றியதும் சில விநாடிகள் ஒன்றும் நிகழாது. அது கைதட்டலுக்கும் சீழ்க்கைக்கும் என்று விடப்பட்ட இடம். வீட்டுத் திரையில் அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறது, கைதட்ட ஆளில்லை. அதற்குள் பார்ப்பவனின் விரல், பத்து விநாடி தாண்டிச் செல்லும் பொத்தானைத் தேடுகிறது. 2020ஆம் ஆண்டிலேயே நெட்பிளிக்ஸ் தன் கைபேசிச் செயலியில், படத்தை ஒன்றரை மடங்கு விரைவாக ஓட்டிப் பார்க்கும் வசதியையும் அளித்தது. வாசகன் பக்கங்களைப் புரட்டித் தள்ளும் உரிமையை வைத்திருப்பதுபோல், பார்வையாளனும் இப்பொழுது அவ்வுரிமையைப் பெற்றுவிட்டான். எனவே கதை சொல்பவன் முதல் சில நிமிடங்களுக்குள்ளாகவே ஒரு முடிச்சைப் போட வேண்டியவனானான். பிணம் ஒன்று கிடைக்கிறது, சிறுமி ஒருத்தி காணாமற் போகிறாள், ஆலை தீப்பற்றுகிறது என்று கதைகள் தொடங்கின. தமிழ் இணையத் தொடர்களில் குற்றப் புலனாய்வுக் கதைகள் மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

2022ஆம் ஆண்டு சூன் 17இல் வெளியான சுழல் என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கிய எட்டு அத்தியாயக் கதை. ஒரு மலையடிவாரத்துச் சிற்றூர், அங்கே அங்காளம்மனுக்கு எடுக்கப்படும் மயானக் கொள்ளைத் திருவிழா. விழாவின் நாள்களோடு கதையும் நகர்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு பாட்டுக்குப் பின்னணியாக மட்டுமே வந்து போகக்கூடிய அந்த விழா, இங்கே கதையின் உடலாகவே அமைகிறது. துணைப்பாத்திரங்களுக்கும் சொந்த வாழ்க்கை கிடைக்கிறது. ஒருவர்மேல் ஐயம் கொண்டு, அதை மாற்றிக்கொண்டு, மீண்டும் ஐயுற நமக்குப் பொழுது இருக்கிறது. இடைவேளை என்ற ஒரே பேரிடி போய், அத்தியாயத்துக்கு ஒன்றாக எட்டு இடிகள் வந்தன.

இதைக் கண்டு புதுமை என்று வியப்பவர்கள் தமிழ் வார இதழ்களின் வரலாற்றை அறியாதவர்கள். கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வாசகரைத் தொங்கவிடும் கலை முழுமை பெற்றுவிட்டது. வேற்றுமை ஒன்று உண்டு. அன்று அத்தியாயத்துக்கும் அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் வீட்டிலும் அலுவலகத்திலும் இரயில் வண்டியிலும் கதை பேசப்பட்டது. அடுத்தது என்ன ஆகும் என்று பந்தயமும் கட்டினர். சுழலின் எட்டு அத்தியாயங்களும் ஒரே நாளில் வெளியாயின. மாலையில் தொடங்கியவர்கள் விடியலில் முடித்தனர். முடித்தவனும் முடிக்காதவனும் மறுநாள் சந்தித்தால், 'கதையைச் சொல்லிவிடாதே' என்பதுதான் அவர்கள் பேச்சாக இருந்தது. தொடர்கதையின் உறுப்புகள் அனைத்தும் வந்து சேர்ந்தன. காத்திருத்தல் என்னும் உயிர் மட்டும் வரவில்லை.

விடிய விடியப் பார்ப்பதும் நமக்குப் புதிதன்று. தெருக்கூத்து இரவு முழுதும் நடக்கும். பார்ப்பவர் நடுவில் உறங்குவர், எழுவர், தேநீர் அருந்தி வருவர். கட்டியக்காரன் சிதறிய கவனத்தை நகைச்சுவையால் இழுத்துப் பிடிப்பான். படமாளிகையின் இருளும் கதவும் அந்தச் சிதறலை ஒரு நூற்றாண்டுக் காலம் கட்டிப்போட்டிருந்தன. இப்பொழுது கட்டு அவிழ்ந்துவிட்டது. ஆனால் கூத்தில் உறங்கி விழித்தவன் பக்கத்திலிருப்பவனிடம் கதை கேட்டுக்கொள்வான். கைபேசியில் பார்ப்பவனுக்குப் பக்கத்தில் யாருமில்லை.

இந்தத் தனிமைக்கு மறுபக்கமும் உண்டு. 2021ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் மலையாளத்தில் ஒரு படம் வந்தது. இயக்கியவர் ஜியோ பேபி, பெயர் தி கிரேட் இந்தியன் கிச்சன். புதிதாய் மணமான ஒரு பெண் காய் நறுக்குகிறாள், பாத்திரம் துலக்குகிறாள், ஒழுகும் கழிவுக் குழாயைத் துடைக்கிறாள், மறுநாளும் அதையே செய்கிறாள். பெரிய தளங்கள் இப்படத்தை முதலில் ஏற்கவில்லை; நீஸ்ட்ரீம் என்னும் சிறிய மலையாளத் தளமே வெளியிட்டது. மக்களிடையே பேச்சு எழுந்தபின் அமேசான் அதனை வாங்கிற்று. மாளிகையில் இப்படம் வெளியாகியிருந்தால், எத்தனை பெண்கள் மாலைச் சமையலை விட்டுவிட்டு அதைக் காணப் போயிருப்பார்கள்? வீட்டுக்கு வந்ததனால், யாரைப் பற்றிய கதையோ அவர்களிடமே அது சேர்ந்தது. அதிலும், கதை நடக்கும் அடுக்களையிலிருந்து பத்தடி தொலைவில் அமர்ந்து பார்த்தார்கள். கணவன்மார்களும் உடனிருந்து பார்த்த வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த வசூல் கணக்கிலும் வராது. என் கருத்தில், கொரோனாக் காலத்து ஓடிடி வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி இந்தச் சிறிய படமே.

பிறமொழிப் படங்களைக் காணும் வழக்கம் சென்னைக்குப் பழையதுதான். கே. பாலசந்தர் தெலுங்கில் எடுத்த மரோ சரித்ரா, மொழிமாற்றம் செய்யப்படாமலே, 1978 முதல் சென்னையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிற்று. ஆனால் அது நகரத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. 2020க்குப் பிறகு, திண்டிவனத்திலும் பரமக்குடியிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்தபடி மலையாளப் படம் பார்க்கக் கற்றனர். பகத் பாசில் நடித்த ஸீ யூ சூன், ஊரடங்கின்போதே எடுக்கப்பட்டு 2020 செப்டம்பரில் வந்தது. கதை முழுவதும் கணினியிலும் கைபேசியிலும் தோன்றும் திரைகளின் வழியாகவே நடக்கிறது. அவ்வாறு பழகிய கண்கள் 2024ஆம் ஆண்டில், கொடைக்கானல் குகையில் நடந்த உண்மைச் சம்பவத்தைச் சொன்ன மஞ்ஞும்மல் பாய்ஸ் என்னும் மலையாளப் படத்தைத் தேடி மாளிகைக்கே சென்றன. தமிழ்நாட்டில் மட்டும் ரூ. 50 கோடிக்கு மேல் அது ஈட்டிற்று. மாளிகையின் எதிரி என்று அஞ்சப்பட்ட இணையத்திரை, அதற்குப் புதிய கூட்டத்தைத் திரட்டிக் கொடுத்த விந்தை இது.

தமிழிலும் துணிவான கதைகள் வந்தன. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவனின் ஒற்றை வாக்கு ஊராட்சித் தேர்தலையே நிர்ணயிக்கும் மண்டேலா, 2021 ஏப்ரல் 4ஆம் நாள் விஜய் தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பாகி, பின் நெட்பிளிக்ஸுக்குச் சென்றது. சட்டமன்றத் தேர்தலுக்கு அப்பொழுது இரண்டே நாள் இருந்தது; இதைவிடப் பொருத்தமான வெளியீட்டு நாள் எந்தப் படத்துக்கும் வாய்த்திராது. இருளர் குடும்பம் ஒன்றுக்காக வழக்கறிஞர் சந்துரு 1990களில் நடத்திய வழக்கை ஒட்டி எழுந்த ஜெய் பீம், அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் ஐந்து மொழிகளில் ஒருங்கே வெளிவந்தது. தணிக்கைக்கு உட்படாமல், தளங்களே வயதுக்கேற்பப் படங்களையும் தொடர்களையும் வகைப்படுத்திக்கொள்ளும் முறை 2021 பிப்ரவரி விதிகளால் வகுக்கப்பட்டது. கிடைத்த உரிமையைச் சிலர் சொல்லத் தகாதவற்றைச் சொல்லப் பயன்படுத்தினர். இன்னும் சிலர் வசைச் சொற்களையும் குருதியையும் கொட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தினர்.

அந்த வசந்தம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2021 சனவரி 13இல் விஜய்யின் மாஸ்டர் மாளிகைகளுக்கு வந்தபோது, நோய் அச்சத்தையும் மீறி மக்கள் திரண்டனர். ஆயினும் பதினாறே நாளில் அப்படம் அமேசானிலும் வந்துவிட்டது. அதன்பின் நான்கு வாரம் மாளிகைக்கு, பிறகு இணையத்துக்கு என்பது தமிழ்ப் படங்களில் ஏறத்தாழ வழக்கமாயிற்று. வடநாட்டுப் பெரிய மல்டிபிளக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் வேண்டும் என்றன. இதனால் 2023இல் லியோவின் இந்தி வடிவத்தை அவை திரையிடவே இல்லை. ஓடிடி நிறுவனங்களோ, சந்தாக்காரர்களைச் சேர்க்க வாரி வழங்கிய கையைப் பின்னர்ச் சுருக்கிக்கொண்டன. மாளிகையில் ஓடாத படத்தை நாங்களும் வாங்க மாட்டோம் என்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகவே முறையிடுகின்றனர். பெரிய நடிகர் இல்லாத படத்துக்கு மாளிகையில் இடம் இல்லை. மாளிகையில் ஓடாததால் தளத்திலும் இடம் இல்லை. 2020இல் திறந்த வாயில் எந்தச் சிறிய படங்களுக்காகத் திறந்ததாகத் தோன்றிற்றோ, அவற்றுக்கே முதலில் சாத்தப்பட்டது. இனி நூறு பேருக்குள் எடுத்து முடிக்கும் ஒரு படத்தை யார் துணிந்து எடுப்பார்கள் என்பது, திரைத்துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

2024 ஏப்ரலில், இருபதாண்டுகளுக்கு முந்திய கில்லி படம் மாளிகைகளில் மீண்டும் திரையிடப்பட்டது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை ஒளிபரப்பான படம், வசனங்கள் மனப்பாடம். ஆயினும் அரங்குகள் நிறைந்தன. கைதட்டலுக்கென்று விட்ட இடங்களில் எல்லாம் கைதட்டல் இருந்தது.

வரலாறு படிப்பவர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதம் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். 1931இல் வந்த காளிதாஸ் தமிழ் பேசிய முதல் படம். இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. எவையேனும் எஞ்சட்டும் என்றுதான் 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. படப் பெட்டிகளைத் தேடிக் கொட்டகைகளையும் கிடங்குகளையும் துழாவி அங்கே சேர்த்தார்கள். மாளிகைக்கே செல்லாமல் இணையத்தில் மட்டும் வெளியான படத்துக்குத் தேடிச் செல்ல ஒரு கொட்டகையும் இல்லை, கிடங்கும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் தளம் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். வீட்டில் வைத்திருக்கக் குறுந்தகடும் யாரிடமும் இராது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் தமிழர் தம் வீட்டுக்குள் அடைபட்டு எவற்றைக் கண்டு அழுதனர், எவற்றைக் கண்டு சிரித்தனர் என்று ஐம்பதாண்டு கழித்து ஒரு மாணவர் ஆராயப் புகுந்தால், அவர் முதலில் கடிதம் எழுத வேண்டிய இடம் நூலகமாகவோ காப்பகமாகவோ இராது; கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் அலுவலகமாகவே இருக்கும். அதற்கு விடை வருமாறு இப்பொழுதே ஏற்பாடு செய்வது அரசுக் காப்பகங்களின் பொறுப்பு. படம் எடுத்தவர்களும் தம் பிரதியில் ஒன்றை அங்கே கொடுத்து வைக்கலாம்.